மூழ்கிய ஏரியும் பிழைத்த ஆறும்: டாஸ்மேனியாவில் இயற்கைப் படங்கள் செய்த வேலை

இயற்கையைப் படமெடுப்பது மனத்துக்கு மருந்து என்று இன்று பலர் சொல்கிறார்கள். துக்கத்தில் இருப்பவர்கள், வேலையை இழந்தவர்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள் கேமராவை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கும் காட்டோரத்துக்கும் போய், கொஞ்சம் தெம்போடு வீடு திரும்புகிறார்கள். அந்த அனுபவம் உண்மைதான். ஆனால் ஆறுதல் என்று மட்டும் அதைச் சொல்லி நிறுத்திவிட்டால் பாதியைத்தான் சொன்னதாகும். ஆறுதல் ஒருவருக்குள்ளேயே தங்கிவிடக்கூடியது. நம்பிக்கை வெளியே வந்து வேலை செய்யும். ஓர் இடத்தை நெடுநாள் உற்றுப் பார்த்துப் படமெடுத்தவர் அந்த இடத்துக்குக் கடன்பட்டவர் ஆகிவிடுகிறார். அந்தக் கடனைத் தீர்க்க முயலும்போது அவருடைய வாழ்க்கைக்கு அர்த்தம் கிடைக்கிறது. நம்பிக்கையும் அந்த முயற்சியிலிருந்தே பிறக்கிறது. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் உள்ள தீவு மாநிலமான டாஸ்மேனியா ஏற்ற இடம். 1967-க்கும் 1983-க்கும் இடையில் அங்கே ஓர் ஏரி அணைநீரில் மூழ்கியது. ஓர் ஆறு அணையிலிருந்து தப்பியது. இரண்டு போராட்டங்களிலும் ஒளிப்படங்கள் முன்னணியில் நின்றன. அவற்றை எடுத்தவர்களில் முதன்மையான இருவரும் போரினால் நாடிழந்து வந்தவர்கள். ஒருவர் தோற்றார், மற்றவர் வென்றார் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். நெருங்கிப் பார்த்தால் அந்தத் தோல்விக்கும் வெற்றிக்கும் வேர் ஒன்றே என்பது தெரியும்.

அகதிக்குக் கிடைத்த நிலம்

ஒலேகாஸ் ட்ருகானாஸ் 1923-ல் லித்துவேனியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அந்தச் சிறிய நாட்டைச் சோவியத் படையும் நாஜிப் படையும் மாறிமாறிக் கைப்பற்றின. எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த ட்ருகானாஸ் ஜெர்மனிக்குத் தப்பிச் சென்றார். அங்கிருந்து 1948-ல் டாஸ்மேனியா வந்து சேர்ந்தார். ஐரோப்பிய அகதிகளை ஏற்றுக்கொண்ட ஆஸ்திரேலிய அரசு, அரசு காட்டும் இடத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தது. அவருக்குக் கிடைத்தது தலைநகர் ஹோபார்ட் அருகே ஒரு துத்தநாக ஆலையில் உடலுழைப்பு வேலை. பின்னர் மாநில நீர்மின் ஆணையத்தில் ஊழியராகச் சேர்ந்தார்.

விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அவர் தீவின் தென்மேற்கை நோக்கிப் போனார். அன்று அப்பகுதியில் சாலை இல்லை. வரைபடங்களில்கூட விவரம் குறைவு. தென்பெருங்கடலிலிருந்து தடையின்றி வரும் மேலைக்காற்று ஆண்டின் பெரும்பகுதி மழையைக் கொண்டுவந்து கொட்டும் நிலம் அது. வெண்பாறை மலைத்தொடர்கள், பட்டன் கிராஸ் எனப்படும் கோரைவகை மூடிய ஈரச் சமவெளிகள், கிளைகள் படுக்கைவாட்டில் பின்னிக்கொண்டு ஆளை உள்ளே விடாத மழைக்காடுகள், இவற்றுக்கிடையே கார்டன், செர்ப்பன்டைன், ஃப்ராங்க்ளின், டெனிசன் ஆறுகள். 1958-ல் ட்ருகானாஸ் தானே வடிவமைத்த மடக்குப் படகில் பெடர் ஏரியிலிருந்து புறப்பட்டு, கார்டன் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் வழியாக மேற்குக் கரைவரை தனியாளாகச் சென்றார். அதற்கு முந்தைய முயற்சி ஒன்று தோல்வியில் முடிந்திருந்தது.

இந்தப் பயணங்களைச் சாகசமாக மட்டும் பார்ப்பது அவருக்கு நியாயம் செய்வதாகாது. பிறந்த ஊர், பேசிய மொழி, படித்த படிப்பு எல்லாவற்றையும் ஒரே வீச்சில் இழந்தவர் அவர். வந்து சேர்ந்த ஊரில் அவர் ஒரு வேலையாள், உச்சரிக்கக் கடினமான பெயர்கொண்ட அந்நியர். அந்த நிலத்தின் ஒளியும் பருவமும் கல்லும் பழகப் பழக, உள்ளூர்க்காரர்களே போகாத ஓரிடம் அவருக்கு நெருக்கமாயிற்று. டெனிசன் ஆற்றங்கரையில் ஹுவான் பைன் மரங்கள் அடர்ந்து நின்ற தோப்பு ஒன்றைக் கண்டு, அதைக் காக்கும்படி வாதாடினார். அந்த மரம் மிக மெதுவாக வளர்வது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. கப்பல் கட்டுவோரின் கோடரி தீவெங்கும் அதைத் தீர்த்துக்கொண்டிருந்தது. அவர் கண்ட தோப்பு 1970-ல் காப்பகமாயிற்று. வந்தேறியாக வந்தவர் அந்த நிலத்தின் காவலராக ஆனதற்கு அதுவே முதல் சான்று.

ஏரி

பெடர் ஏரி, பனியாறுகள் விட்டுச்சென்ற படிவுகளுக்கு நடுவே உருவானது. மலைகள் சூழ, கடல்மட்டத்துக்குச் சுமார் 300 மீட்டர் உயரத்தில் கிடந்தது. அதன் கிழக்குக் கரையில் குவார்ட்சைட் பாறை தேய்ந்து உண்டான இளஞ்சிவப்பு மணல் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்திருந்தது. கோடையில் நீர் வற்றும்போது அந்த மணற்கரை சிறு விமானங்கள் இறங்கும் அளவுக்கு அகலமாகிவிடும். மலை ஏறத் தெரியாதவர்களும் முதியவர்களும் அப்படித்தான் அங்கே போனார்கள். 1955-லேயே அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டிருந்தது.

1967 ட்ருகானாஸுக்கு இரண்டு இடிகளைக் கொண்டுவந்தது. பிப்ரவரி 7 அன்று தென் டாஸ்மேனியாவைக் காட்டுத்தீ சூழ்ந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ட்ருகானாஸின் வீடு எரிந்தது. அவர் அதுவரை எடுத்துச் சேர்த்திருந்த ஸ்லைடுகளும் சாம்பலாயின. அதே ஆண்டில், பெடர் ஏரியை மூழ்கடித்து நீர்த்தேக்கம் அமைக்கும் மின்திட்டம் வெளியாயிற்று. திட்டத்தைத் தீட்டியது அவருக்குச் சம்பளம் கொடுத்த நீர்மின் ஆணையமேதான்.

இரண்டாம் முறையும் எல்லாம் பறிபோனவர் என்ன செய்வார்? அவர் மறுபடி படமெடுக்கக் கிளம்பினார். எரிந்துபோன படங்களின் இடங்களுக்கே திரும்ப நடந்தார். இம்முறை நேரமும் அவரை நெருக்கியது, அணைகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஆணையத்தின் ஊழியர் என்பதால் திட்டத்தை மேடையேறி எதிர்க்க வழியில்லை. ஹோபார்ட் நகர மண்டபத்தில் திரையை விரித்து, புரொஜெக்டரை வைத்து, இசையோடு படங்களைக் காட்டினார். மண்டபம் மீண்டும் மீண்டும் நிரம்பியது. ஓவியர் மாக்ஸ் ஆங்கஸும் நண்பர்களும் ஏரிக்கரைக்குச் சென்று நீர்வண்ணத்தில் வரைந்து கண்காட்சி வைத்தனர். 1971-ல் நூற்றுக்கணக்கானோர் ஏரியை ஒருமுறையாவது பார்த்துவிட நடந்தே போனார்கள். அந்த ஆண்டு ட்ருகானாஸ் ஆற்றிய உரையின் சாரம் டாஸ்மேனியாவில் இன்றும் நினைவுகூரப்படுகிறது: நிலத்தை வென்றவர்களாக அன்றி அதைப் பேணுபவர்களாக நாம் மாறினால், ஒரேமாதிரியாகிக்கொண்டிருக்கும் உலகுக்கு இந்தத் தீவு வழிகாட்டும் ஒளியாக முடியும் என்றார் அவர்.

1972 ஜனவரி 6 அன்று, நீரில் மூழ்கவிருந்த கார்டன் பள்ளத்தாக்கைக் கடைசியாகப் படமெடுக்கப் போனபோது, ட்ருகானாஸை ஆறு கொண்டுபோயிற்று. சில நாட்களுக்குப் பின் அவருடைய உடலைத் தேடிக் கண்டெடுத்தவர் அவருடைய இளம் நண்பர், பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ். அந்த ஆண்டிலேயே ஏரியும் மூழ்கத் தொடங்கியது. செப்டம்பரில், போராட்டத்தின் முன்னணியில் இருந்த பிரெண்டா ஹீனும் விமானி மாக்ஸ் பிரைஸும் கான்பெராவுக்குக் குரல் கொடுக்கச் சென்ற சிறு விமானம் வழியில் காணாமற்போனது. இன்றுவரை அது கிடைக்கவில்லை.

தோல்வி விட்டுச்சென்றவை

படங்கள் தோற்றன என்று இங்கே கணக்கை முடித்துவிடலாமா? ஏன் தோற்றன என்று கேட்டால் சில காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ட்ருகானாஸின் படங்களைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஹோபார்ட்வாசிகள். முடிவெடுத்த மாநில அரசோ மலிவான மின்சாரத்தால் ஆலைகளை ஈர்ப்பதையே வளர்ச்சிப்பாதையாகப் பல பத்தாண்டுகள் கொண்டிருந்தது. நிலமும் நீரும் மாநிலத்தின் அதிகாரம். மத்திய அரசு தலையிட வலுவான சட்டப்பிடி இல்லை. யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய உடன்படிக்கையை ஏற்றது 1972 நவம்பரில். ஆஸ்திரேலியா அதில் இணைந்தது 1974-ல். 1973-ல் மத்திய அரசு அமைத்த விசாரணைக் குழு, ஏரியை மீட்க அவகாசம் வேண்டும் என்று பரிந்துரைத்தும் மாநிலம் இணங்கவில்லை. மனங்களை ஆயத்தம் செய்யப் படத்தால் முடிந்தது. அந்த மனங்கள் பிடித்துக்கொள்ளச் சட்டமும் அமைப்பும் இல்லாமற்போனதே பெடரின் சோகம்.

ஆனால் மண்டபத்தில் படம் பார்த்தவர்கள் வெறுங்கையோடு கலையவில்லை. 1972 மார்ச்சில் அதே நகர மண்டபத்தில் கூடி அவர்கள் தொடங்கிய ஐக்கிய டாஸ்மேனியக் குழுவையே உலகின் முதல் பசுமைக் கட்சி என்று அரசியல் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். 1975-ல் மாக்ஸ் ஆங்கஸ் ட்ருகானாஸின் எஞ்சிய படங்களைத் தொகுத்து நூலாக்கினார். அடுத்த ஆண்டில் டாஸ்மேனிய வனப்பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. ஏரியை இழந்தவர்கள் அடுத்த ஆற்றை இழக்கமாட்டோம் என்று சொல்லத் தேவையான அமைப்பும் அனுபவமும் இந்த நான்கு ஆண்டுகளில் சேர்ந்தன.

நின்று பார்ப்பதன் பயன்

டொம்ப்ரோவ்ஸ்கிஸின் கதையும் அகதி முகாமில்தான் தொடங்குகிறது. லாட்வியப் பெற்றோருக்கு 1945-ல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் பிறந்தார். தந்தையைப் போர் பறித்துக்கொண்டது. தாய் அடெல் சிறுவனை அழைத்துக்கொண்டு 1950-ல் ஆஸ்திரேலியா வந்து, ஹோபார்ட்டின் பின்னால் எழும் வெலிங்டன் மலைச்சரிவில் குடியேறினார். செடிகொடிகளில் ஆர்வமுள்ள தாய், மகன் கையில் சிறுவயதிலேயே கேமராவைக் கொடுத்தார். படகு ஓட்டவும் காட்டில் நடக்கவும் ஒளியைப் பார்க்கவும் வழிகாட்டியவர் ட்ருகானாஸ். தந்தையில்லாத இளைஞனுக்கு அவர் தந்தையின் இடத்தில் இருந்தார். அவருடைய உடலை ஆற்றிலிருந்து எடுத்தபோது டொம்ப்ரோவ்ஸ்கிஸுக்கு வயது 26.

அவர் தேர்ந்துகொண்டது லின்ஹோஃப் நிறுவனத்தின் நான்குக்கு ஐந்து அங்குல ஃபிலிம் கேமரா. முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, கண்ணாடித் தகட்டில் தலைகீழாகத் தெரியும் காட்சியைச் சரிபார்த்து, ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி ஃபிலிம் தாளைச் செருக வேண்டும். வாரக்கணக்கில் தேவைப்படும் உணவு, கூடாரம் இவற்றோடு இத்தனை கனத்தையும் முதுகில் சுமந்து நடந்தால், கண்டதையெல்லாம் எடுக்க முடியாது. எதை எடுக்கத் தகும் என்று பலமுறை யோசிக்க வேண்டியிருக்கும். மழை விடும்வரை, காற்று ஓயும்வரை, மூடுபனி விலகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். டொம்ப்ரோவ்ஸ்கிஸின் படங்களில் பெரும் சிகரங்களைவிடச் சிறியவையே ஆழமாகப் பதிகின்றன: மலையுச்சியில் பாறையோடு ஒட்டி வளரும் மெத்தைச்செடிகள், இலையுதிர்காலத்தில் பொன்னிறமாகும் பீச் மரத்தின் விரல்நகமளவு இலைகள், மக்வாரி தீவின் கடற்கரையில் அலை சுருட்டிப் போட்ட கடற்பாசி.

படமெடுப்பது பார்வையை மழுங்கடிக்கிறதா, கூராக்குகிறதா என்று உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் லிண்டா ஹென்கல் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருட்களை முழுமையாகப் படமெடுத்தவர்கள், கண்ணால் மட்டும் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். ஆனால் ஒரு பொருளின் ஏதோவொரு பகுதியை நெருங்கிப் படமெடுத்தவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை. எடுக்காத பகுதியைக்கூட அவர்கள் நினைவுகூர்ந்தனர். கிறிஸ்டின் டீல், கால் சாபர்மன், அலிக்சாண்ட்ரா பராஷ் ஆகியோர் 2016-ல் வெளியிட்ட சோதனைகளில், படமெடுப்பவர்கள் அனுபவத்துக்குள் கூடுதலாக ஈடுபட்டு, அதை மேலும் ரசித்தது தெரிந்தது. அதே குழுவினர் 2018-ல் மற்றொன்றைக் காட்டினர்: சமூக ஊடகத்தில் பகிரும் நோக்கத்தோடு எடுக்கும்போது, பிறர் நம்மை எப்படி மதிப்பிடுவார்கள் என்ற கவலை புகுந்து அந்த இன்பத்தைக் குறைத்துவிடுகிறது.

இந்த மூன்று முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முக்கியமான வேறுபாடு புலப்படுகிறது. கேமரா நமக்குப் பதிலாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால் பார்வை சோம்பிப்போகிறது. எதை எடுப்பது என்று தேர்ந்து நெருங்கும்போது பார்வை விழித்துக்கொள்கிறது. பகிர்தலும் அப்படியே. டொம்ப்ரோவ்ஸ்கிஸ் தம் வாழ்நாள் முழுதும் பகிர்வதற்காகவே படமெடுத்தார். 1977-ல் சொந்தப் பதிப்பகம் தொடங்கி நாட்காட்டிகளாகவும் அட்டைகளாகவும் அச்சிட்டார். அவர் முன்னால் வைத்தது இடத்தை. தம்மைப் பின்னால் நிறுத்திக்கொண்டார். படமெடுப்பவர் தம்மை மறந்து இடத்தைப் பிறர் கண்ணில் நிறுத்த விரும்பும்போது, பகிரும் நோக்கம் பார்வையைக் கெடுப்பதற்குப் பதில் அதைப் பொறுப்புள்ளதாக்குகிறது. துயரத்தில் இருப்பவருக்கு இயற்கைப் படமெடுத்தல் உதவுவதன் காரணமும் இங்கேயே இருக்கிறது என்று கருதுகிறேன். தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும் மனம், தனக்கு வெளியே உள்ள ஒன்றை முழுக் கவனத்தோடு பார்க்கும் அந்த நேரத்தில் தன் பிடியைத் தளர்த்துகிறது.

ஆறு

1970-களின் இறுதியில் நீர்மின் ஆணையம் அடுத்த திட்டத்தோடு வந்தது: கார்டன் ஆற்றில், ஃப்ராங்க்ளின் அதில் கலக்கும் இடத்துக்குக் கீழே ஓர் அணை. கட்டினால் ஃப்ராங்க்ளினின் கீழ்ப்பகுதி மூழ்கும். 1976-ல் ரப்பர்ப் படகில் அந்த ஆற்றில் பயணம் செய்து வந்த மருத்துவர் பாப் பிரவுன் வனப்பாதுகாப்புச் சங்கத்தின் முகமானார். 1980-ல் ஹோபார்ட் தெருக்களில் பத்தாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். 1981 டிசம்பரில் மாநில அரசு நடத்திய வாக்கெடுப்பில் இரண்டு அணைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டுமே இடமிருந்தது. வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் அணையே வேண்டாம் என்று வாக்குச்சீட்டில் எழுதிப்போட்டனர். அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்த முதல்வர் ராபின் கிரே, அந்த ஆற்றை அட்டைகள் மண்டிய பழுப்புச் சாக்கடை என்னும் பொருள்பட வருணித்தார்.

ஆற்றின் நிறத்தைப் பற்றி அவர் சொன்னதில் பொய்யில்லை. சமவெளிப் புல்லிலிருந்து ஊறும் டானின், நீரைத் தேநீர் நிறமாக்கியிருக்கிறது. பார்த்திராதவர்களுக்கு அந்த வருணனை போதுமானதாக இருந்திருக்கும். அதற்கு விடையளித்தது டொம்ப்ரோவ்ஸ்கிஸின் ஒரு படம். ஃப்ராங்க்ளினின் பெரும் பள்ளத்தாக்குக்குச் சற்றுக் கீழே, ராக் ஐலண்ட் வளைவில் ஒரு காலைப்பொழுது. நடு ஆற்றில் செடிகொடி அடர்ந்த பாறைத்தீவு, மேலே தவழும் மூடுபனி, ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்ததால் வெண்மையாகக் கரைந்தோடும் நீர். 1983 மார்ச் 5 அன்று நடந்த மத்தியப் பொதுத்தேர்தலுக்கு முன், சிட்னி, மெல்பர்ன் நகரங்களின் பெரிய நாளிதழ்களில் இந்தப் படம் வண்ண விளம்பரமாக வந்தது. இதை அழிக்கும் கட்சிக்கு வாக்களிக்க மனம் வருமா என்ற பொருளில் ஒரு கேள்வி உடன் இருந்தது. செய்தித்தாள்கள் கறுப்பு வெள்ளையில் வந்துகொண்டிருந்த காலத்தில் அந்த வண்ணமே செய்தியாயிற்று. ஃப்ராங்க்ளினை ஒருபோதும் நேரில் காணப்போகாத லட்சக்கணக்கானோரின் சமையலறை மேசைக்கு ஆறு வந்து சேர்ந்தது.

படம் மட்டுமே வென்றது என்று சொல்வது மிகையாகும். 1982 டிசம்பர் முதல் ஆற்றங்கரையில் நடந்த முற்றுகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். பாப் பிரவுன் சிறையிலிருந்தார். அதே மாதம் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தேர்தலில் வென்ற பாப் ஹாக் அரசு அணையைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. மாநிலம் வழக்காடியது. 1983 ஜூலை 1 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், பன்னாட்டு உடன்படிக்கைக் கடமையை நிறைவேற்ற மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்று நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெடருக்காகப் போராடியவர்களுக்குக் கிடைக்காத சட்டப்பிடி இப்போது இருந்தது. அதைப் பயன்படுத்தும் துணிவை அரசுக்கு வாக்காளர்கள் கொடுத்தார்கள்; எதைக் காக்கிறோம் என்று வாக்காளர்களுக்குப் படம் காட்டியது. ஏழு நீதிபதிகளில் ஒருவர் மாறியிருந்தால் ஆறு மூழ்கியிருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. பெடரில் படம் இருந்தும் சட்டம் இல்லை. ஃப்ராங்க்ளினில் படம், மக்கள், அமைப்பு, சட்டம் நான்கும் ஒரே நேரத்தில் கூடின. ட்ருகானாஸின் நகர மண்டபத் திரையிடல்கள் இல்லாமல் அந்த மக்களும் அமைப்பும் உருவாகியிருக்குமா என்பது ஐயமே.

படத்தில் இல்லாதவர்கள்

இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கம் உண்டு. நேர்மையான ஆய்வு அதைத் தாண்டிப்போக முடியாது. ட்ருகானாஸ், டொம்ப்ரோவ்ஸ்கிஸ் இருவரின் புகழ்பெற்ற படங்களில் மனிதரைக் காண்பது அரிது. மனிதக் கால் படாத நிலம் என்ற எண்ணத்தை அவை பார்ப்பவருக்கு ஊட்டின. அந்த எண்ணம் தவறு. 1981-ல் ஃப்ராங்க்ளின் கரையில் தொல்லியலாளர்கள் ஆராய்ந்த, இன்று குட்டிகினா என்று வழங்கும் குகையில், ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் வாழ்ந்த தடயங்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. பனியூழிக் காலத்தில், உலகின் தென்கோடியில் வாழ்ந்த மக்கள் அவர்கள். அவர்களின் வழிவந்த டாஸ்மேனியப் பழங்குடியினர் இன்றும் அந்தத் தீவில் இருக்கிறார்கள். புகழ்பெற்ற அந்தப் புல்வெளிகளில் பலவும் அவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பருவம் பார்த்துத் தீயிட்டுப் பேணியதால் திறந்து கிடந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிகளின் வன்முறையும் நோயும் அவர்களை நிலத்திலிருந்து அகற்றிய பிறகே அந்த இடங்கள் வெறிச்சோடின.

குகையின் கண்டுபிடிப்பு ஆற்றைக் காக்கும் வழக்குக்குப் பெருந்துணையானது. உலகப் பாரம்பரியப் பட்டியலில் அப்பகுதி இயற்கைச் சிறப்புக்காக மட்டுமின்றிப் பண்பாட்டுச் சிறப்புக்காகவும் இடம்பெற்றது. 1995-ல் குட்டிகினா பழங்குடிச் சமூகத்திடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது. இயற்கைப் படமெடுப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. சட்டகத்தின் விளிம்புக்கு வெளியே நின்றவர்கள் யார் என்று கேட்காத அழகு, நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டாலும், யாரோ ஒருவருடைய வரலாற்றை அழித்துவிடக்கூடும். நாடிழந்து வந்த இருவர் அந்த நிலத்தில் வேர்பிடித்தார்கள் என்று மகிழும்போதே, அதே நிலத்திலிருந்து வேரறுக்கப்பட்டவர்களை நினைவில் நிறுத்துவதும் அந்தக் கடனின் பகுதிதான்.

இன்றைய கணக்கு

டொம்ப்ரோவ்ஸ்கிஸ் 1996 மார்ச்சில், தாம் நேசித்த தென்மேற்கின் ஆர்தர் மலைத்தொடரில், படமெடுக்கச் சென்ற இடத்திலேயே மாரடைப்பால் இறந்தார். அவருடைய படங்கள் இன்று ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் சேகரிப்பில் உள்ளன. ஃப்ராங்க்ளின் தடையின்றி ஓடுகிறது. ஆனால் அவர் படமெடுத்த உலகம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 2016 தொடக்கத்தில், வழக்கத்துக்கு மாறான வறட்சியில், மழையில்லா மின்னல்கள் மூட்டிய தீ டாஸ்மேனிய மேட்டுநிலத்தில் பரவியது. ஆயிரம் ஆண்டு வாழக்கூடிய பென்சில் பைன்களும், அவர் முழந்தாளிட்டுப் படமெடுத்ததைப் போன்ற மெத்தைச்செடிகளும் கருகின. தீக்குப் பின் துளிர்க்கப் பழகாத தாவரங்கள் அவை. 1967-ல் படங்களை எரித்த தீ, இப்போது படங்களின் பொருளையே எரிக்கிறது. ஓர் அணையைத் தடுக்க இறுதியில் ஒரு தீர்ப்பு கைகொடுத்தது. வெப்பமாகும் வானத்தை எதிர்க்க அப்படி ஒற்றைத் தீர்ப்பு எங்கும் கிடையாது.

அப்படியிருந்தும் பெடர் ஏரியின் பிற்கால வரலாறு எனக்கு நம்பிக்கை தருகிறது. மூழ்கிய ஏரியை மீட்க வேண்டும் என்ற இயக்கம் 1994-ல் புத்துயிர் பெற்றது. மறு ஆண்டு ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஆராய்ந்து, நீரை வடித்து ஏரியை மீட்பது தொழில்நுட்ப அளவில் இயலும் என்று ஒப்புக்கொண்டது. செலவுக்கு ஈடாகாது என்று அப்போதைக்கு ஒதுக்கிவைத்தது. நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மணற்கரை சிதையாமல் கிடக்கிறது. கோரிக்கை இன்னும் ஓயவில்லை. என்றேனும் அந்த நீர் வடிந்தால், ஏரி எப்படி இருந்தது, மணல் எந்த நிறத்தில் எந்த அளவுக்கு விரிந்தது, கரையில் எது வளர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க, தீக்குப் பின் ட்ருகானாஸ் இரண்டாம் முறை நடந்து எடுத்த படங்கள் சான்றாக நிற்கும். தோற்ற போராட்டத்தின் படங்கள் மீட்புக்கான அளவுகோலாகியிருக்கின்றன.

கேமராவோடு வெளியே கிளம்பும் எவரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க சில நடைமுறைகள் உண்டு. பல இடங்களைத் தொட்டுவிட்டு ஓடுவதைவிட ஓர் இடத்துக்குப் பருவந்தோறும் திரும்பிப் போவது பயன் தரும். அது ஊர்ப்பக்கத்துக் கண்மாயாகவோ, வீட்டுக்குப் பின்னால் உள்ள புதராகவோ இருக்கலாம். எடுத்த நாளையும் இடத்தையும் குறித்து வைக்க வேண்டும்; இன்று அழகுக்காக எடுத்த படம் நாளை ஆதாரமாகலாம். அந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள், வாழ்பவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு, அவர்களையும் சட்டகத்துக்குள் கொண்டுவர வேண்டும். படத்தை ரசிப்பவர்களுக்குக் காட்டுவதோடு நிறுத்தாமல், அந்த இடத்தின் விதியை எழுதும் ஊராட்சிக்கும் அலுவலருக்கும் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று ட்ருகானாஸ் நம்பியதாகத் தெரியவில்லை. அணை எழும்புவதை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஆனாலும், இந்த ஏரியை யாரோ ஒருவர் ஒருநாள் தேடக்கூடும் என்ற எண்ணம் அவரை மறுபடி நடக்கவைத்தது. முடிவு தெரியாமலே அடுத்தவருக்காகச் செய்துவைக்கும் வேலையைத்தான் நான் நம்பிக்கை என்கிறேன். அதைச் செய்யும்போது செய்பவரின் வாழ்க்கையும் பொருளுள்ளதாகிறது என்பதற்கு, எல்லாவற்றையும் இருமுறை இழந்தும் நடப்பதை நிறுத்தாத அந்த மனிதரும், அவர் விட்ட இடத்திலிருந்து கேமராவைத் தூக்கிய அவருடைய மாணவரும் போதுமான சாட்சி.